அரக்கு இசைத்தட்டுகள்: ஒலிச்சமனும் இரைச்சல் குறைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறுதோறும் விரிக்கும் சந்தையில், பழைய புத்தகங்களுக்கும் பித்தளைச் சாமான்களுக்கும் நடுவே எப்போதாவது ஒரு கட்டு இசைத்தட்டு வந்து சேரும். வாங்கிப் போகிறவர்களில் சிலரும், தாத்தா வீட்டுப் பரணிலிருந்து எடுத்தவர்கள் பலரும், அவற்றைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். கடலூர் முதுநகரிலிருந்தும் மஞ்சக்குப்பத்திலிருந்தும்கூட வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது அரக்குத் தட்டுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையில் எடுத்தாலே தெரியும். கனமாக இருக்கும், வளையாது, கீழே விழுந்தால் ஓடு போல உடைந்துவிடும். லேபிளில் நிமிடத்துக்கு 78 சுற்று என்ற வேகத்தைக் குறிக்கும் 78 என்ற எண் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம் சொச்சம், 12 அங்குலத்தில் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். மேல்நாடுகளில் 1950களின் இறுதியிலேயே இவை நின்றுபோயின. இந்தியாவில் 1960களிலும் அச்சாகிக்கொண்டிருந்தன. கல்கத்தா டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாடல்கள்கூட 78இல் அச்சாகியிருக்கின்றன. ஆகவே, உங்கள் வீட்டுத் திரைப்பாட்டுத் தட்டு 1962ஆம் ஆண்டுத் தட்டாக இருந்தாலும் அரக்காக இருக்கலாம்.

புதிதாகப் பிரித்த தட்டிலும் 'உஸ்' என்ற சத்தம் இருக்கிறதே, ஏன்?

தட்டு முழுக்க அரக்கு இல்லை. அரக்கு வெறும் பசைதான். அதோடு கற்பலகைத் தூள், சுண்ணாம்புக்கல் தூள் போன்ற கனிமப் பொடிகளையும், கறுப்புக்காகக் கரித்தூளையும் கலந்து சூடாக அழுத்துவார்கள். அந்தக் கல்தூளுக்கு ஒரு வேலை உண்டு. கிராமபோனின் எஃகு ஊசியைத் தேய்த்து, பள்ளத்தின் வடிவத்துக்குத் தக்கபடி அது கூராக்கிவிடும். தட்டு தேயாமல் ஊசி தேயட்டும் என்பதே ஏற்பாடு. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று அன்று மாற்றினார்கள். அந்தக் கல்தூள் வைர ஊசியின் அடியில் உரசும் சத்தமே நீங்கள் கேட்கும் 'உஸ்'. அது தட்டின் உடம்பிலேயே இருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது.

கழுவலாமா? எதைக் கொண்டு?

கழுவலாம், கழுவத்தான் வேண்டும். ஆனால் ஸ்பிரிட், சானிடைசர், ஐசோபுரோபைல் என்று சாராயச் சம்பந்தமுள்ள எதுவும் அருகில் வரக்கூடாது. மரவேலைக்காரர்கள் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத்தான் பாலிஷ் போடுகிறார்கள். அதே கரைப்பு உங்கள் தட்டிலும் நடக்கும். இதை நான் என் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டேன். வினைல் தட்டுக்கு வாங்கிவைத்திருந்த துடைப்புத் திரவத்தை ஒரு நாகஸ்வரத் தட்டின் ஓரத்தில் தொட்டேன். பஞ்சு கறுப்பானது. முதலில் அழுக்கு என்று நினைத்து மகிழ்ந்தேன். விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தபோது, தொட்ட இடத்தில் மட்டும் பளபளப்பு செத்துச் சாம்பல் பூத்திருந்தது. அந்த ஓரத்தில் ஆலாபனையின் முதல் ஐந்தாறு வினாடிகள் இருந்தன. இப்போது அங்கே இரைச்சல் மட்டும் இருக்கிறது.

மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர் ஒரு கிண்ணம், அதில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு, மெல்லிய மயிர்த் தூரிகை. இவ்வளவே போதும். பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். லேபிளில் நீர் படக்கூடாது. பிறகு வெறும் வடிநீரால் அலசி, நைந்த வேட்டித் துணியால் ஒற்றி, மின்விசிறியின் கீழ் நிறுத்தி உலர்த்துங்கள். ஊறவைக்காதீர்கள். சில தட்டுகளின் உள்ளே காகித அடுக்கு உண்டு. விரிசல் வழியே நீர் இறங்கினால் தட்டு உப்பிவிடும்.

நம் கடற்கரைக் காற்றில் பெரிய எதிரி பூஞ்சை. வெள்ளைப் புள்ளிகளாகப் பூத்திருந்தால், முதலில் முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் வைத்து உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, அதன் பிறகே நனையுங்கள். பூஞ்சை அரக்கைத் தின்று குழி போட்டிருந்தால் அந்தக் குழியின் சத்தம் போகாது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவிய தட்டுகளும் வருகின்றன. அந்த எண்ணெய்தான் தூசியைப் பள்ளத்துக்குள் பிடித்துவைக்கிறது.

என் டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறது. அப்படியே போடலாமா?

வேகம் இருந்தால் போதாது, ஊசியும் வேண்டும். எல்.பி. எனப்படும் 33⅓ வேக வினைல் தட்டுக்கான ஊசியின் முனை ஆரம் 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவு. 78 தட்டின் பள்ளம் எல்.பி. பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். அதற்கான ஊசி சுமார் 76 மைக்ரான். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் போய்க் குப்பையில் உருளும். பக்கச் சுவர்களில் இருக்கும் பாட்டை அது தொடவே தொடாது. 'இந்தத் தட்டு தீர்ந்துவிட்டது' என்று சொல்லிக் கொண்டுவந்த எத்தனையோ தட்டுகள், ஊசியை மாற்றிய நிமிடமே பாடியிருக்கின்றன. ஊசியைத் தாங்கி அதன் ஆட்டத்தை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றாமல் ஊசியை மட்டும் 78க்கு மாற்றிக்கொள்ளும் வசதி பல மாதிரிகளில் உண்டு. முதல் செலவு இதற்காக இருக்கட்டும்.

இன்னும் ஈடுபாடு உள்ளவர்கள், முனை மழுக்கிய ஊசிகளை இரண்டு மூன்று அளவுகளில் வைத்துக்கொள்வார்கள். பழைய எஃகு ஊசி, சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத்தான் தேய்த்திருக்கும். சற்றுப் பெரிய ஊசி அதற்கு மேலேயும், சற்றுச் சிறியது அதற்குக் கீழேயும் உட்காரும். தேயாத சுவர் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் இது. கணினியில் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் கிடைக்காத தெளிவு சில சமயம் இதில் கிடைத்துவிடும்.

சாவி கொடுக்கும் கிராமபோனிலேயே கேட்டால் என்ன?

கேளுங்கள், அதன் சுகம் வேறு. ஆனால் அதில் ஊசியைத் தாங்கும் சவுண்ட் பாக்ஸ் தட்டின் மேல் 100 கிராமுக்கு மேல் பாரம் வைக்கிறது. இன்றைய கார்ட்ரிட்ஜ் 3 முதல் 5 கிராம்தான். ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் முதலில் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

ஈக்வலைசேஷன், ஒலிச்சமன் என்கிறார்களே, அது என்ன? அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இரைச்சலைப் பற்றிக் கேட்பவர்கள் பத்துப் பேர் என்றால், இதைப் பற்றிக் கேட்பவர் ஒருவர்கூட இல்லை என்பது எனக்குத் தீராத குறை.

பள்ளத்தை வெட்டும் ஊசி இடமும் வலமுமாக ஆடுகிறது. ஒரே பலமுள்ள ஒலி என்றாலும், ஸ்தாயி ஒன்று இறங்கினால் ஆட்டத்தின் அகலம் இரண்டு மடங்காகும். மிருதங்கத்தின் தொப்பி அடியை அப்படியே வெட்டினால் பக்கத்துப் பள்ளத்தின் சுவரை உடைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே, மைக் வைத்துப் பதியும் மின்பதிவு வந்தபோது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலியைப் படிப்படியாகக் குறைத்து வெட்டினார்கள். பதிவில் குறைத்ததை நாம் கேட்கும்போது அதே அளவு கூட்ட வேண்டும். அந்தக் கணக்குதான் ஒலிச்சமன். குறைக்கத் தொடங்கும் இடத்தைத் திருப்புமுனை என்று சொல்கிறேன்.

பிறகு, எல்.பி. காலத்துக்குச் சற்று முன்பிருந்தே, மேல் அதிர்வெண்களில் உள்ள ஒலிகளையும் கூட்டி வெட்டத் தொடங்கினார்கள். கேட்கும்போது அதைக் குறைத்தால் கூடவே இரைச்சலும் குறையும். இந்த ஏற்றமும் இறக்கமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறாக இருந்தன. 1954இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே அளவுக்கு வந்தார்கள். இன்று கடையில் விற்கும் ஏறக்குறைய எல்லா ஃபோனோ (இசைத்தட்டுக்கான) பெருக்கிகளும் அந்த அளவைத்தான் போடுகின்றன. அதாவது திருப்புமுனை 500 ஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்சில் 13.7 டெசிபல் (ஒலி வலிமையின் அலகு) இறக்கம்.

இப்போது 1935ஆம் ஆண்டுத் தட்டை அதில் போட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அந்தத் தட்டில் மேல் ஒலியை யாரும் கூட்டவில்லை. ஆனால் பெருக்கி அதை 13.7 டெசிபல் குறைக்கிறது. இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். கீழே தேவைக்கு மேல் 4 டெசிபல் கூட்டிவிடுகிறது. பாடகியின் 'ச', 'ஷ' எல்லாம் மழுங்கிப்போகும், மிருதங்கம் பானைக்குள் அடித்தது போலக் கேட்கும். 'அந்தக் காலத்துப் பதிவு அப்படித்தான்' என்று நாமே சொல்லிக்கொள்வோம். பதிவு அப்படி இல்லை. நம் பெருக்கி அதன்மேல் கம்பளி போர்த்திவிட்டது.

அப்படியானால் எந்தத் தட்டுக்கு எந்த அளவு?

1930கள், 1940களின் தமிழ்த் தட்டுகளில் பெரும்பாலானவை எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் லேபிள்களில் இருக்கும். 1931இல் எச்.எம்.வி.யின் உரிமையாளரான கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. ஆனது. அங்கே ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் வடிவமைத்த வெட்டுமுறையின் திருப்புமுனை 250 ஹெர்ட்ஸ். மேலே ஏற்றம் எதுவும் இல்லை. என் அனுபவத்தில், நம்மவர் தட்டுகளுக்குத் தொடங்கும் இடம் இதுதான்.

கணினியில் கையால் வரைபவர்களுக்காக அளவுகளைத் தருகிறேன். சமன் எதுவும் இல்லாத நேர்ப் பதிவின் மேல், 500 ஹெர்ட்சில் 1 டெசிபல், 250இல் 3, 125இல் 7, 62இல் 12 என்று கூட்டுங்கள். 1,000க்கு மேல் தொட வேண்டாம். அதற்குப் பிறகு காதால் திருத்துங்கள். அமெரிக்க விக்டர் தட்டு என்றால் திருப்புமுனை 500, அமெரிக்கக் கொலம்பியா 300. டெக்கா தட்டுக்கு மேலே சுமார் 5 டெசிபல் இறக்கமும் வேண்டும்.

1950களின் பிற்பகுதித் திரைப்பாட்டுத் தட்டுகளை மேலே சொன்ன 250 ஹெர்ட்ஸ் அளவில் போட்டால், வயலின்கள் காதைக் கிழிக்கும். அவற்றில் மேல் ஒலி ஏற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். 1955இல் வந்த பிரிட்டிஷ் தர அளவை முயன்று பாருங்கள். திருப்புமுனை 353, 10 கிலோஹெர்ட்சில் சுமார் 10 டெசிபல் இறக்கம். சிலவற்றுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ.வே பொருந்தும். லேபிளில் இதையெல்லாம் அச்சிட்டிருக்க மாட்டார்கள். குரலில் மூக்கொலி கூடினால் திருப்புமுனை தவறு, 'ஸ' சீறினால் மேலிறக்கம் போதவில்லை. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் வழி தெரியும்.

1925க்கு முந்தைய தட்டுக்கு?

அவை மைக் இல்லாத காலத்தவை. பாடுபவர் ஒரு பெரிய கூம்புக்குள் பாட, அந்தக் காற்றின் வேகமே ஊசியை ஆட்டியது. 1925இல் மேற்கில் மின்பதிவு தொடங்கியது, சில ஆண்டுகளில் இங்கும் வந்துவிட்டது. கூம்புப் பதிவில் சுமார் 200 ஹெர்ட்சுக்குக் கீழே பாட்டு எதுவும் கிடையாது. அங்கே எதைக் கூட்டினாலும் மோட்டார் உறுமலைத்தான் கூட்டுவீர்கள். ஆகவே கீழே வெட்டிவிடுங்கள், மேலே லேசாகத் திறந்துவிடுங்கள். குரல் மட்டும் முன்னால் வந்து நிற்கும். அது போதும்.

புதுச்சேரிக்காரனாக ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாரதி இங்கே வாழ்ந்த 1908 முதல் 1918 வரையிலான ஆண்டுகள் கூம்புப் பதிவின் காலம். பாடகி கௌஹர் ஜானை 1902இலேயே கல்கத்தாவில் பதிவுசெய்துவிட்டார்கள். பாரதியின் குரலோ எந்தத் தட்டிலும் நமக்குக் கிடைக்கவில்லை. கூம்புக் காலத்துத் தட்டு ஒன்று கைக்கு வரும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

என்னிடம் யூ.எஸ்.பி. டர்ன்டேபிள் இருக்கிறது. அதில் சமனை மாற்ற முடியாதே?

பின்புறம் 'ஃபோனோ/லைன்' என்று ஒரு பொத்தான் இருக்கலாம். லைனிலும் யூ.எஸ்.பி.யிலும் ஆர்.ஐ.ஏ.ஏ. ஏற்கெனவே போடப்பட்டு வரும். கவலை வேண்டாம். பதிவுசெய்த பிறகு கணினியில் ஆர்.ஐ.ஏ.ஏ.வின் தலைகீழ் வடிவத்தைப் போட்டு நீக்கிவிட்டு, மேலே சொன்ன அளவைப் போடுங்கள். 24 பிட்டில் பதிந்திருந்தால் இழப்பு காதுக்குத் தெரியாது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இவை எல்லாவற்றையும் செய்யலாம்.

சூட்கேஸ் வடிவில் மலிவாக வருபவை வேறு வகை. அவற்றில் இருப்பது பீங்கான் கார்ட்ரிட்ஜ். இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது, தட்டின் மேல் பாரமும் அதிகம். விலைமதிப்பற்ற தட்டை அதில் போடாதீர்கள்.

78 வேகம் இல்லை. 33இல் ஓடவிட்டுக் கணினியில் வேகப்படுத்தலாமா?

செய்யலாம். 33⅓இல் பதிந்ததை 2.34 மடங்கு, 45இல் பதிந்ததை 1.73 மடங்கு வேகப்படுத்தினால் 78 வரும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். மெதுவாக ஓடும்போது எல்லா அதிர்வெண்களும் இறங்கி நிற்கின்றன. 250 ஹெர்ட்ஸ் என்ற திருப்புமுனை அப்போது 107இல் இருக்கும். ஆகவே முதலில் வேகம், அதன் பிறகே சமன். பெருக்கி போட்ட ஆர்.ஐ.ஏ.ஏ.வை நீக்குவது மட்டும் வேகத்தை மாற்றுவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

78 என்றால் சரியாக 78தானா? பாடகர் குரல் கீச்சென்று கேட்கிறது.

நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் தர வேகம் 77.92, அமெரிக்காவில் 78.26. மின்பதிவுக்கு முந்தைய தட்டுகளோ 70 முதல் 80க்கு மேல்வரை எங்கும் இருக்கும். ஏறக்குறைய 6 விழுக்காடு வேகம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். 78இல் வெட்டியதை 82.6இல் ஓட்டினால் 4½ கட்டையில் பாடியவர் 5 கட்டையில் பாடுவார்.

பழைய நாடகப் பாட்டுத் தட்டுகளில் ஹார்மோனியம் பின்னால் ஒலிக்கும். அதன் சட்சமத்தைப் பிடித்துச் சுருதிப்பெட்டியோடு ஒப்பிடுங்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கினால் வேகம் தவறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அன்றைய ஹார்மோனியங்கள் எல்லாமே இன்றைய சுருதியில் இருந்தவை அல்ல, அதனால் இது வழிகாட்டி மட்டுமே. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் உண்மையாகவே உச்ச சுருதியில் பாடியவர்கள். 'இவ்வளவு உயரமா?' என்று பயந்து இறக்கிவிடாதீர்கள். சொற்களின் வேகமும், மூச்செடுக்கும் இடைவெளியும் இயல்பாக இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

டர்ன்டேபிளின் வேகத்தைச் சரிபார்க்க, தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அரை நிமிடம் எண்ணுங்கள். 39 சுற்று வர வேண்டும்.

தட்டு மோனோதானே, ஸ்டீரியோவில் பதிய வேண்டுமா?

கட்டாயம். அன்றைய பாட்டு பக்கவாட்டு ஆட்டத்தில் மட்டும் இருக்கிறது. மேலும் கீழுமான ஆட்டம் முழுக்க அழுக்கும் கீறலும் உறுமலும்தான். இடத்தையும் வலத்தையும் கூட்டி மோனோவாக்கினால் பாட்டு சேரும், மேல்கீழ் ஆட்டம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காசில்லாமல் கிடைக்கும் முதல் இரைச்சல் குறைப்பு இது. சில தட்டுகளில் ஒரு சுவர் மட்டும் தேய்ந்திருக்கும். அப்போது கூட்டாமல் நல்ல சுவரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதலிலேயே மோனோவில் பதிந்துவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்சில் பதியுங்கள். எதுவும் செய்யாத அந்த முதல் கோப்பைத் தனியாக எடுத்துவையுங்கள். இன்று நாம் செய்யும் திருத்தம் பத்தாண்டு கழித்துப் போதாததாகத் தெரியும். அன்றைக்கு ஆள் திரும்பிவருவது அந்தக் கோப்பிடம்தான்.

'டக் டக்' சத்தத்தை நீக்கும் கருவியைப் போட்டேன். மிருதங்கம் செத்துப்போய்விட்டது.

கருவியின் பார்வையில் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் எதுவும் கீறல்தான். வலந்தலையில் விழும் 'நம்', சாப்பு, கஞ்சிராவின் சலங்கை, மோர்சிங், ஜால்ரா எல்லாமே அதற்குக் கீறலாகத் தெரிகின்றன. தனி ஆவர்த்தனத்தில் இதை முழு வீச்சில் போட்டால், வித்வான் தலையணையில் வாசித்தது போல ஆகிவிடும்.

இதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும். நீக்கியது என்ன என்பதைத் தனியாகக் கேட்பது. சில மென்பொருள்களில் அதற்கென்றே பொத்தான் உண்டு. இல்லாவிட்டால், திருத்திய ஒலியை முதல் ஒலியிலிருந்து கழித்துக் கேட்கலாம். கழிவில் தாளம் கேட்டால், சொல்கட்டு புரிந்தால், நீங்கள் இசையை எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறீர்கள். அளவைக் குறைத்து, கழிவில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும் வரும்வரை மறுபடி செய்யுங்கள். மீதமுள்ள பெரிய 'டக்'குகளைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டுங்கள். மூன்று நிமிடத் தட்டுக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும்.

இந்த வேலையைச் சமன் போடுவதற்கு முன்னால் செய்வது நல்லது. பேஸைக் கூட்டிய பிறகு ஒவ்வொரு 'டக்'கும் வாலை நீட்டி 'டொம்' ஆகிவிடும். அதைப் பிடிப்பது கடினம்.

'உஸ்' சத்தத்தை எவ்வளவு குறைக்கலாம்?

நீங்கள் விரும்புவதைவிடக் குறைவாக. 6 முதல் 8 டெசிபல். அதற்கு மேல் நான் போவதில்லை.

மஞ்சக்குப்பத்திலிருந்து எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா ஒரு வீணைத் தட்டு கொண்டுவந்தார். அவருடைய அப்பா தினமும் இரவு கேட்ட தட்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் பிய்த்தெறிந்தபோது ஓடு பறந்து பெட்டி நனைந்து, அதில் தப்பிய நான்கில் ஒன்று. அவரை மகிழ்விக்க வேண்டும் என்ற ஆசையில், இரைச்சலே இல்லாதபடி சுத்தம் செய்து கொடுத்தேன். ஹெட்போனில் கேட்டார். முதல் சரணம் வரை தலை ஆடவில்லை. கழற்றி வைத்துவிட்டு, "பாட்டு அதுதான் தம்பி. ஆனால் விரல் இல்லையே" என்றார்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து மறுபடி கேட்டபோதுதான் புரிந்தது. வீணையில் ஒரு மீட்டுக்குப் பிறகு ஒலி தேய்ந்துகொண்டே போகும். அந்தத் தேய்மானத்தில்தான் இடது கை தந்தியை இழுத்துக் கமகம் பேசுகிறது. ஒலி இரைச்சலின் மட்டத்துக்கு இறங்கும் இடத்தில் அனுஸ்வரங்கள் என்ற நுண்சுரங்கள் இருக்கின்றன. கருவிக்கு அந்த மட்டத்துக்குக் கீழே உள்ள எல்லாம் ஒன்றுதான். இரைச்சலோடு சேர்த்து அவருடைய அப்பா கேட்ட விரலையும் நான் துடைத்திருந்தேன். முதல் கோப்பிலிருந்து மீண்டும் செய்தேன், 6 டெசிபல் மட்டும். இரண்டாம் முறை கேட்டபோது அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டன.

காது சீரான 'உஸ்'ஸை ஒரு நிமிடத்தில் பழகிக்கொள்ளும். மழைக்கு நடுவே பேச்சு கேட்பதில்லையா? ஆனால் நடுநடுவே அமைதி வெட்டிய பள்ளங்களையும், அதிகமாகக் குறைத்தால் எழும் 'களக் களக்' என்ற நீர்க்குமிழிச் சத்தத்தையும் காது பழகவே பழகாது.

இரைச்சல் மாதிரியை எங்கே எடுப்பது?

ஊசி இறங்கியதும் பாட்டு தொடங்கும் முன்னால் வரும் வெற்றுப் பள்ளத்தில். அரை வினாடி கிடைத்தாலும் போதும். பாட்டின் நடுவே பாடகர் நிறுத்துமிடத்தில் எடுக்காதீர்கள். அங்கே தம்பூராவோ ஹார்மோனியச் சுருதியோ ஒலித்துக்கொண்டிருக்கும். விடாமல் ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று கற்றுக்கொள்ளும் கருவி, சுருதியை முழுப் பாட்டிலிருந்தும் அழித்துவிடும். மேற்கத்திய இசைக்காக எழுதிய வழிகாட்டிகளில் இந்த எச்சரிக்கை இருக்காது, அங்கே இந்தச் சிக்கல் வருவதில்லை.

8 கிலோஹெர்ட்சுக்கு மேலே வெட்டிவிடலாமா?

1930களின் தட்டில் அதற்கு மேலே பாட்டு அநேகமாக இல்லை. வெட்டலாம், ஆனால் சுவர் போல நேராக வெட்டாமல் சரிவாக இறக்குங்கள். நாகஸ்வரத் தட்டுகளில் இன்னும் கவனம் தேவை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் நாகஸ்வர முனையின் நாணல் சீவாளி எழுப்பும் ரீங்காரம் மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. அதை இறக்கினால் நாகஸ்வரம் கிளாரினெட் ஆகிவிடும்.

ஒரே பொத்தானில் 'புதியது போல' ஆக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள்?

முயன்று பார்த்தேன். பேச்சுக்காகப் பழக்கியவை, குரல் வேகமாகச் சுழலும் பிருகாவை நடுக்கமென்று நினைத்து நேராக்கிவிடுகின்றன. வேறு சில, இல்லாத ஒலியைத் தாமே எழுதிச் சேர்க்கின்றன. பாடியவர் பாடாததை அவர் வாயில் போட எனக்கு மனம் வரவில்லை.

விரிசல் விட்ட தட்டு?

விரிசல் ஒரு சுற்றுக்கு ஒரு முறை, வினாடிக்கு 1.3 தடவை 'டக்' என்னும். பின்புறம் லேபிளுக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் காகித ஒட்டுப் போட்டு அசையாமல் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு முறை ஓட்டிப் பதியுங்கள். 'டக்'கைப் பிறகு கையால் எடுத்துவிடலாம், இடைவெளி சீராக இருப்பதால் தேடவே வேண்டாம்.

வெள்ளையர் நகரப் பகுதி வீட்டிலிருந்து பாத்தே தட்டுகள் கிடைத்தன. ஊசி வழுக்குகிறது, பாட்டே வரவில்லை.

இந்தக் கேள்வி புதுச்சேரியில்தான் வரும். பாத்தே என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய தட்டுகளில் பாட்டு பக்கவாட்டில் இல்லை, மேலும் கீழுமாக வெட்டப்பட்டிருக்கிறது. எஃகு ஊசிக்குப் பதில் நீலக்கல் உருண்டை முனையால் அவற்றை ஓட்டினார்கள். பள்ளம் அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும். ஆகவே சாதாரண 78 ஊசி பொருந்தாது, பெரிய உருண்டை முனை வேண்டும். மிகப் பழையவை லேபிள் பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே ஓடும், வேகம் 90 அல்லது அதற்கு மேல்.

ஸ்டீரியோவில் பதிந்து, இடம், வலம் இரண்டில் ஒன்றின் ஒலியலையைத் தலைகீழாக்கிவிட்டு இரண்டையும் கூட்டுங்கள். மற்றத் தட்டுகளில் நாம் அழித்த மேல்கீழ் ஆட்டம்தான் இங்கே பாட்டு. மோனோ கார்ட்ரிட்ஜில் ஏறக்குறைய மௌனமாக இருந்த தட்டு இப்படிச் செய்தவுடன் வாய் திறந்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

திருத்திய பாட்டை இணையத்தில் போடலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாடலாசிரியர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டுகள். இரண்டையும் பார்த்துவிட்டுப் போடுங்கள். லேபிளின் படத்தையும் தட்டு எண்ணையும் சேர்த்துப் போட்டால் ஆராய்பவர்களுக்கு உதவும்.

பதிந்து முடித்த தட்டை என்ன செய்வது?

தூக்கி எறியாதீர்கள். நாளை இதைவிட நல்ல ஊசி வரும். பழைய உறை பூஞ்சை பிடித்திருந்தால், லேபிள் விவரத்தைக் குறித்துக்கொண்டு புதுக் காகித உறைக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம் போல நிறுத்திவையுங்கள், சாய விடாதீர்கள். மேற்குச் சுவரோரம் வேண்டாம், சித்திரை வெயிலில் அந்தச் சுவரின் சூட்டுக்கே தட்டு வளையும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். கார்த்திகை மழை விட்டதும், ஒரு வெயில் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நிழலில் நிறுத்தி, ஒவ்வொன்றாக விளக்கில் சாய்த்து வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.